பத்தாவது மாடியும் நல்ல மனசுள்ள அத்தை மகனும்

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு இந்த மாதம் வந்த சிறுகதைகளில் மூன்று, கல்யாணமாகாமல் கருவுற்ற பெண்ணைப் பற்றியவை. மூன்றிலும் முதல் பக்கத்திலேயே அவள் வாந்தி எடுத்துவிடுகிறாள். ஒன்றில் பத்தாவது மாடியிலிருந்து குதிக்கிறாள். இன்னொன்றில், எல்லாம் தெரிந்தும் தாலி கட்ட ஓர் அத்தை மகன் வந்து நிற்கிறான். மூன்றாவதில் குழந்தையை ஓர் இல்லத்தில் விட்டுவிட்டு மழையில் நடந்து போகிறாள். (சிங்கப்பூரில் மழைக்கா பஞ்சம்!)

எழுதிய மூவரும் அவள்மேல் இரக்கம் உள்ளவர்கள்தான். எனக்கு உறுத்துவதே அதுதான். இரக்கப்பட்டுக்கொண்டே அவளைக் கதையைவிட்டு அப்புறப்படுத்திவிட்டார்கள். பிள்ளை பெற்ற மறுவாரம் அவள் என்ன செய்கிறாள் என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது கதையின் நாயகி, கருவைக் கலைக்கத் தேக்காவில் (லிட்டில் இந்தியா பக்கம்) ஒரு பின்சந்தில் நாட்டுமருந்து தேடுகிறாள். கதை நடப்பது 2019இல்! இங்கே கருக்கலைப்பு 1970 முதல் சட்டப்படி செல்லும். 24 வாரம் வரை செய்துகொள்ளலாம். முதலில் ஆலோசனைக்கு உட்கார வேண்டும், பிறகு 48 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாளை நினைத்துப் பாருங்கள். அம்மா தோசை ஊற்றுகிறார், தம்பி தேர்வுக்குப் படிக்கிறான், இவள் வழக்கம்போல வேலைக்குப் போய் வருகிறாள், யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு சிறுகதைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நாமோ பழைய ஊர்க்கதையின் மருத்துவச்சியை விமானம் ஏற்றிக் கூட்டி வருகிறோம்.

மொழியும் நமக்கு ஒத்தாசை செய்கிறது. கெட்டுப்போனாள், ஏமாந்துவிட்டாள், வயிற்றில் வாங்கிக்கொண்டாள். எல்லா வினையும் அவள் தலையில். அவனுக்கு மிஞ்சிப்போனால் ‘கைவிட்டான்’. அதற்கு முன் அவன் செய்த எதற்கும் வினைச்சொல் தேவைப்படவில்லை போலும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படித் தனியே பிள்ளை பெற்றாள். மாப்பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை என்று அவள் அம்மா உறவு முழுவதும் சொல்லி வைத்திருந்தார். வளைகாப்பு கிடையாது. அடுக்குமாடி புளோக்கில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மகளை வேறு பேட்டையில் வாடகை அறையில் வைத்தார். ஆனால் பிரசவமான நாள் முதல் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார். பொய்யும் அவர்தான் சொன்னார், புட்டும் அவர்தான் கிண்டினார். இந்த அம்மாவை நம் கதைகளில் நான் இன்னும் சந்திக்கவில்லை. அங்கே வருகிற அம்மாக்கள் ஒன்று மாரில் அடித்துக்கொள்கிறார்கள், அல்லது மன்னித்துக் கட்டிப்பிடிக்கிறார்கள்.

அவமானம் இங்கே படிவத்தின் வழியாகவும் வருகிறது. மணமாகாத தாய்க்கும் 16 வாரப் பேறுகால விடுப்பு 2017 முதல்தான் கிடைக்கிறது. பிள்ளை பிறந்தால் அரசு கொடுக்கும் குழந்தை போனஸ் ரொக்கம் அவளுக்குக் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் ஏற வேண்டுமென்றால் அவனும் சேர்ந்து கேட்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் தமிழர்களுக்குத் தனி வலி. சீனப் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் போதும். அம்மாவுடையதாக இருந்தாலும் வெளியே யாருக்கும் தெரியாது. நம் பிள்ளைகளின் பெயரிலோ எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) என்று நடுவில் ஒரு கோடு, அதன் பின்னால் அப்பா. அந்த இடத்தில் ஒரு பெண்பெயர் இருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். நான் சொன்ன பெண் அங்கே தன் பெயரைத்தான் போட்டாள். மகள் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், “இது உன் அப்பா பெயரா?” என்று கேட்ட சிநேகிதியிடம் அந்தப் பிள்ளை, “இல்லை, எங்கம்மா” என்று சொல்லிவிட்டு பென்சில் சீவப் போய்விட்டதாம்.

அடுத்த மாதம் இதே கருவில் எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து வாந்தியை விட்டுவிடுங்கள். பெயர் எழுதும் அந்தக் கட்டத்தில் தொடங்குங்கள். அத்தை மகன் வந்தால் வரட்டும். அவள் குளித்துவிட்டு வரும்வரை குழந்தையை வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.