காட்டுக்குள்ள எதுக்குய்யா ஸ்பீக்கர்?

பெங்களூரிலிருந்து ராத்திரி முழுக்க வேனில் குலுங்கிக்கொண்டு கர்நாடகக் காட்டுப் பக்கம் இருக்கிற தண்டேலி போனதே காளி ஆற்றில் ராஃப்டிங் (ரப்பர் படகில் ஆற்றோட்டத்தோடு போவது) போகத்தான். நண்பர்கள், மச்சான் குடும்பம், குழந்தைகள் என்று பதினான்கு பேர். படகு ஏறுகிற கணேஷ்குடியில் ஆறு எப்போதும் ஒரே மாதிரி ஓடாது, மேலே சூப்பா அணையில் மின்சாரம் எடுத்துவிட்டு விடுகிற தண்ணீரை நம்பித்தான் படகே, அதனால் "காலையில் சொன்ன நேரத்துக்கு வந்துடுங்க சார்" என்று வழிகாட்டி தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

சரி, சீக்கிரம் தூங்கலாம் என்று பார்த்தால் கேம்ப்ஃபயர். விறகு ஈரம். எந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாலும் புகை தேடிவந்து என் கண்ணில்தான் ஏறுகிறது. அதைக்கூட விடுங்கள், அந்த ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறதே! ஆற்றுச் சத்தமும் தவளைச் சத்தமும் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம், கல்யாண மண்டபத்தில் கேட்டுக் காது புளித்த அதே குத்துப்பாட்டை இங்கேயும் கேட்கவா? குறைக்கச் சொன்னால், "ஜாலியா இருங்க மாமா" என்கிறான் மச்சான் பையன். மணி ரெண்டு.

காலையில் ஒருத்தரும் எழவில்லை. எழுப்பிக் கிளப்பிப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் படகில் வேறு கும்பல் ஏறிப் போயிருந்தது. ரெண்டு மணி நேரம் கரையில் காத்திருந்து, யாரோ கழற்றிப் போட்ட சொதசொத லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஒருவழியாக ஏறினோம். ஸ்பீக்கர்க்காரன் மட்டும் வரவில்லை. வேனில் தூங்குகிறானாம்.