அரபுக் கோப்பை உப்புமா கோப்பையா?

அரபு நாடுகளின் தேசியக் கால்பந்து டீம்கள் மோதும் அரபுக் கோப்பையைப் பற்றி என்ன எழுதினாலும் "அது பி டீம்கள் ஆடுற உப்புமா டோர்னமென்ட்தானே பாஸ்" என்று ஒரு கமெண்ட் கண்டிப்பாக வந்துவிடும். எகிப்தின் சலா வரமாட்டார், மொராக்கோவின் ஹக்கிமி வரமாட்டார், அல்ஜீரியாவின் மஹ்ரஸ் வரமாட்டார், அப்புறம் எதுக்குப் பார்க்கணும் என்பது அவர்கள் கணக்கு.

கணக்கில் பாதி சரி. ஃபிஃபாவின் சர்வதேச காலண்டருக்கு வெளியே டிசம்பரில் நடப்பதால், ஐரோப்பிய கிளப்புகள் ஆளை அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மொராக்கோவுக்கு 2025-இல் இன்னொரு சிக்கலும் இருந்தது. டிசம்பர் 18 அன்று கத்தாரில் அரபுக் கோப்பை இறுதிப்போட்டி, டிசம்பர் 21 அன்று சொந்த நாட்டில் ஆப்பிரிக்கக் கோப்பை தொடக்கம். ரெக்ராகி மெயின் டீமோடு ஊரிலேயே இருக்க, தாரிக் செக்தியுவி என்ற இன்னொரு கோச், உள்நாட்டு லீக்கிலும் வளைகுடா லீக்குகளிலும் ஆடுகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு டீமைக் கூட்டிக்கொண்டு கத்தாருக்கு வந்தார்.

வந்த 'பி டீம்' கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த இறுதிப்போட்டியைப் பார்க்காதவர்கள் ஹைலைட்ஸாவது பாருங்கள். லுசைல் மைதானம், ஆட்டம் தொடங்கி நாலாவது நிமிடம். உசாமா டன்னான் நடுக்கோட்டைக்கூடத் தாண்டவில்லை, தன் பக்கத்துப் பாதியில் நின்றுகொண்டே தலையைத் தூக்கிப் பார்க்கிறார், ஜோர்டான் கோல்கீப்பர் அபு லைலா கொஞ்சம் முன்னால் வந்து நிற்பது தெரிகிறது, விட்டார் ஒரு உதை. பந்து மொத்த ஜோர்டான் டீமின் தலைக்கு மேலேயும் போய் வலைக்குள் விழுந்தது. உலகக் கோப்பை இறுதியில் மெஸ்ஸி ஆடிய அதே புல்தரை அது. அங்கே இப்படி ஒரு கோலை யாரும் போடவில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

ஜோர்டான் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. இரண்டாம் பாதியில் அலி ஒல்வான் ஒரு கோல், பெனால்டியில் இன்னொன்று, 2-1. கிட்டத்தட்ட கோப்பை அம்மானுக்குக் கிளம்பிவிட்டது என்ற நேரத்தில் 88-ஆவது நிமிடத்தில் மொராக்கோவின் ஹம்தல்லா சமன் செய்தார், எக்ஸ்ட்ரா டைமில் 100-ஆவது நிமிடத்தில் அவரே வெற்றி கோலையும் போட்டார். 3-2. முப்பத்தைந்து வயது ஆள் அவர். இதில் ஒரு வேடிக்கை, தோற்ற ஜோர்டானின் கோச் ஜமால் செல்லாமியும் மொராக்கோக்காரர்தான்.

இத்தனைக்கும் ஜோர்டானிடம் பிரான்ஸில் ஆடும் அல் தாமரி இல்லை, காலிறுதியில் அல் நைமாத் முழங்கால் போய் வெளியேறிவிட்டார். அவர்கள் இல்லாமல் ஈராக்கை அடித்து, சவூதியை அடித்து இறுதிக்கு வந்த டீம் இது. 'நட்சத்திரம் இல்லாத டோர்னமென்ட்' என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, பிறகு ஒல்வான் யார்?

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்கில் 22 நாடுகள். கால்பந்தில் அதில் 12 ஆசியக் கூட்டமைப்பில், 10 ஆப்பிரிக்கக் கூட்டமைப்பில். அதனால் எகிப்தும் ஈராக்கும், அல்ஜீரியாவும் சவூதியும் புள்ளிக்காக மோத வேண்டுமென்றால் உலகக் கோப்பையில் குலுக்கல் ஒத்துவர வேண்டும். மற்றபடி நட்பு ஆட்டம்தான், அதை யார் பார்க்கிறார்கள்? ஒரே மொழி பேசிக்கொண்டு, ஒருவர் டிவி சானலை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒருவர் லீக்கில் ஒருவர் ஆடிக்கொண்டு இருக்கிறவர்கள் நிஜமாகவே மோதிக்கொள்ள இருக்கிற ஒரே மேடை இதுதான்.

மோதல் என்றால் 2021 காலிறுதியைச் சொல்ல வேண்டும். அந்த ஆகஸ்டில்தான் அல்ஜீரியா மொராக்கோவுடன் தூதரக உறவையே முறித்திருந்தது. டிசம்பரில் அல் துமாமா மைதானத்தில் ரெண்டு பேரும் நேருக்கு நேர். எக்ஸ்ட்ரா டைமில் யூசுப் பெலாய்லி பந்தை நெஞ்சில் வாங்கி, அது கீழே வருவதற்குள் சுமார் 40 மீட்டரிலிருந்து அடித்த கோலை இன்றைக்கும் அல்ஜீரியாக்காரர்கள் போனில் வைத்திருக்கிறார்கள். மொராக்கோ அதையும் சமன் செய்து, 2-2, கடைசியில் பெனால்டி ஷூட்அவுட்டில் அல்ஜீரியா ஜெயித்தது. அப்புறம் கோப்பையும் அவர்களுக்கே. அதுவும் பி டீம்தான்!

நான் தோஹாவில் வேலை பார்க்கிறவன். 2025-இல் ஊரையே கிளப்பியது பாலஸ்தீனம். தகுதிச் சுற்றில் லிபியாவைப் பெனால்டியில் தாண்டித்தான் உள்ளேயே வந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே போட்டியை நடத்தும் கத்தாரை கடைசி நிமிட சேம்சைடு கோலில் 1-0 என்று சாய்த்தார்கள். ட்யூனிசியாவோடு 2-2. கடைசி ஆட்டம் சிரியாவோடு, டிரா ஆனால் ரெண்டு பேரும் காலிறுதிக்குள்ளே, 0-0 டிரா ஆனது. ட்யூனிசியா அங்கே கத்தாரை 3-0 என்று அடித்தும் வெளியே. சந்தேகப்படுகிறவர்கள் படட்டும், அன்றைக்கு ரெண்டு நாட்டு ஜனமும் சந்தோஷமாக இருந்தது, எனக்கு அது போதும். சொந்த மண்ணில் ஆட வழியில்லாமல் 'ஹோம் மேட்ச்'சையே குவைத், தோஹா, அம்மான் என்று ஆடித் திரிகிற டீம் அது. காலிறுதியில் சவூதியை 115-ஆவது நிமிடம் வரை இழுத்துப் பிடித்து, கானோவின் ஹெட்டரில் 2-1 என்று தோற்றார்கள். அன்றைக்கு லுசைல் மெட்ரோவில் பாலஸ்தீனத் துண்டான கெஃபியே போட்டிருந்தவர்களில் எத்தனை பேர் நிஜப் பாலஸ்தீனர்கள் என்று சொல்லவே முடியாது. நம்மூர்ப் பையன்கள் உட்பட எல்லா நாட்டுக்காரனும் போட்டிருந்தான்.

சூடானையும் விட்டுவிடக் கூடாது. உள்நாட்டுப் போரில் லீக்கே நின்றுபோய், அதன் பெரிய கிளப்புகளான அல் ஹிலாலும் அல் மெர்ரிக்கும் மௌரிடேனியா லீக்கில் போய் ஆடிய நாடு. அவர்கள் நடப்பு சாம்பியன் அல்ஜீரியாவை 0-0 என்று நிறுத்தினார்கள்.

சிலர் சொல்வதுபோல் இதை ஃபிஃபா காலண்டருக்குள் கொண்டுவந்தால் பெரிய பெயர்கள் வரும்தான். வந்தால் என்ன ஆகும்? லீக்கில் ஆடும் பையன் பெஞ்சில் உட்காருவான், சலா 60 நிமிடம் நடந்துவிட்டு மாற்றாளுக்கு இடம் விடுவார். வேண்டவே வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.

எனக்குக் குறை வேறு இடத்தில். 2021 போட்டி 2022 உலகக் கோப்பைக்கான ஒத்திகையாகத்தான் நடந்தது. ஸ்டேடியம் 974-ஐத் திறந்தார்கள், ஆஃப்சைடுக்கான புது டெக்னாலஜியைச் சோதித்துப் பார்த்தார்கள். சரி, அதற்கு ஒரு காரணம் இருந்தது. 2025-ம் கத்தார். 2029-ம், 2033-ம் கத்தாருக்கே என்று ஃபிஃபா எழுதிக் கொடுத்துவிட்டது. ரெடியான மைதானம், மெட்ரோ, பணம் எல்லாம் இருக்கிறது, வாஸ்தவம். (மழைக்கு மட்டும் எதுவும் இல்லை போல. 2025-இல் மூன்றாவது இடத்துக்கான ஆட்டம் கலீஃபா மைதானத்தில் மழையால் பாதியில் நின்று, சவூதிக்கும் எமிரேட்ஸுக்கும் இடத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். பாலைவனத்தில்!) ஆனாலும் எல்லாமே ஒரே நாட்டிலா? இங்கேயே இருந்துகொண்டு, டிக்கெட் வாங்கி மெட்ரோவில் போய்ப் பார்க்கிற நானே இதைச் சொல்கிறேன்.

1963-இல் இந்தக் கோப்பை பெய்ரூட்டில் தொடங்கியது. அப்புறம் குவைத், பாக்தாத், தாயிஃப், அம்மான், அலெப்போ என்று ஊர் ஊராகப் போனது. நாலு முறை ஜெயித்து இன்றைக்கும் அதிகக் கோப்பை வைத்திருக்கிற ஈராக் கடைசியாக இதை நடத்தியது 1966-இல். ஈராக்கில் கூட்டம் வராது, பாதுகாப்பு இல்லை என்று சொல்லிப் பார்க்கட்டும். 2023 ஜனவரியில் ஈராக்கின் பஸ்ராவில் வளைகுடாக் கோப்பை நடந்தது, டிக்கெட் கிடைக்காத ஜனம் மைதானத்துக்கு வெளியே நின்றது. 2030 உலகக் கோப்பையையே ஸ்பெயின், போர்ச்சுகலோடு சேர்ந்து நடத்தப் போகிற மொராக்கோவுக்கு ஒரு அரபுக் கோப்பையை நடத்தத் தெரியாதா? 2033-ஐயாவது பாக்தாதுக்கோ காசாபிளாங்காவுக்கோ கொடுத்துத் தொலையுங்களேன். நான் லீவு போட்டு வருகிறேன்.