அவள் கையில் இருந்தது கேஸ் ஷீட்

நாலு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். நோயாளியைக் கவனிக்காமல் ஒரு நர்ஸ் போன் பார்க்கிறாள் என்று பரப்புகிறார்களே, அந்த வீடியோ இன்று காலை எங்கள் தெரு வாட்ஸப் குழுவிலும் வந்துவிட்டது. "இதுதான் இந்தக் காலத்து நர்சுகளின் லட்சணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கோப முகம் போட்டவர்களில் நாலு பேருக்கு நான் வீட்டுக்கே போய் ஊசி போட்டிருக்கிறேன், கட்டு மாற்றியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எந்த வீடியோ என்று உங்களுக்குத் தெரியும். அதை இங்கே போட மாட்டேன், கமெண்டிலும் யாரும் போடாதீர்கள். மொத்தம் 38 விநாடி. ஒரு பெரியவருக்கு டிரிப் பாட்டில் தீர்ந்துவிட்டது. மேசை முன்னால் ஒரு நர்ஸ் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பெரியவரின் மகன் கூப்பிடுகிறார். அவள் நிமிராமல் "ரெண்டு நிமிஷம் சார்" என்கிறாள். அதோடு வெட்டிவிட்டார்கள். அவள் எழுந்து போய் பாட்டிலை மாற்றியது அதில் இல்லை.

அவள் போன் பார்க்கவில்லை, வேலை பார்த்தாள். 42 நோயாளிகளின் பி.பி., நாடித்துடிப்பு, ஜுரம், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் நோயாளி விவரங்களைப் பதிவு செய்யும் ஆப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். காலை 7 மணிக்குள் ஏற்றாவிட்டால் அந்த வார்டு 'பெண்டிங்' என்று மேலே காட்டும். ஏன் என்று கேட்பார்கள். வார்டுக்குக் கொடுத்த டேப் சார்ஜ் ஏறாமல் இரண்டு மாதமாக பீரோவில் கிடக்கிறது. அதனால் சொந்த போனில், சொந்தக் காசில் ரீசார்ஜ் செய்து ஏற்றுகிறாள். போன் அவளுடையதுதான். ஆனால் அந்த நேரத்தில் அவள் கையில் இருந்தது கேஸ் ஷீட், அதாவது நோயாளியின் சிகிச்சைப் பதிவு. அதையே காகிதத்தில் வைத்து எழுதியிருந்தால் யாராவது படம் பிடித்திருப்பார்களா?

"ரீல்ஸ் பார்க்கிற நர்சுகளை நானே பார்த்திருக்கிறேன்" என்று எழுத வருவீர்கள். பார்த்திருப்பீர்கள். இருக்கிறார்கள். அவர்கள் மீது புகார் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இந்தப் பெண்ணின் திரையை அந்த வீடியோவில் யாராவது பார்த்தீர்களா? இல்லையே.

இன்னொரு நண்பர் இன்பாக்ஸில் கேட்டார்: "முன்பு நோட்டில் எழுதினீர்கள், இப்போது போனில் எழுதுகிறீர்கள். இதில் என்ன புதுச் சுமை?" நியாயமான கேள்வி. சுமை என்னவென்றால், நோட்டு போகவே இல்லை. ஒரு பி.பி.யை டி.பி.ஆர். ஷீட்டில் (ஜுரம், நாடி, மூச்சு குறிக்கும் தாள்) எழுத வேண்டும், ரிப்போர்ட் புக்கில் எழுத வேண்டும், பிறகு ஆப்பிலும் ஏற்ற வேண்டும். ஒரே எண், மூன்று இடம். சிக்னல் இல்லாமல் பாதியில் நின்றால் நாலாவது தடவை. ஆப் வந்ததற்காக யாரும் ஒரு நோட்டைக்கூட எடுத்துப் போகவில்லை, ஒரு ஆளைக்கூடக் கூட்டவில்லை. கற்பித்தல் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற இடங்களில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அந்த வார்டில் அன்று இரவு 42 பேருக்கு இரண்டு பேர்.

உடனே, "அக்காவுக்கு கம்ப்யூட்டர் பிடிக்காது, பழைய ஆள்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தொழில்நுட்பம் வந்து என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். இரண்டு விரலால் டிரிப் குழாயின் ரெகுலேட்டரைத் திருகி, வாட்சைப் பார்த்து நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று எண்ணிய காலம் எனக்குத் தெரியும். 500 மில்லியை நாலு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப் குழாய் செட்டில் மில்லிக்கு 15 சொட்டு என்றால், நிமிடத்துக்கு 31. நோயாளி கையை மடக்கினால் அந்தக் கணக்கு அவ்வளவுதான். இன்று இதயத்துக்கான மருந்தை அளவாக மருந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் இல்லாமல் கொடுக்கச் சொன்னால் எனக்குக் கை நடுங்கும். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசின் பிக்மி இணையதளம் வந்த பிறகுதான், எந்த ஊரில் எந்தக் கர்ப்பிணிக்கு ரத்தம் குறைவு என்று பிரசவ வலி வருவதற்கு முன்பே தெரிகிறது. 2021-ல் கொரோனா தடுப்பூசிக் கணக்கை கோவின் இணையதளம் இல்லாமல் நோட்டில் எழுதி முடித்திருக்கவே முடியாது.

கணக்கெழுதுவது எங்கள் தொழிலுக்குப் புதிதும் இல்லை. விளக்கேந்திய மங்கை என்று படம் மாட்டி வைத்திருக்கிறீர்களே, அந்த நைட்டிங்கேல் அம்மையார், கிரிமியப் போரில் காயத்தால் செத்த சிப்பாய்கள் எத்தனை, தொற்றுநோயால் செத்தவர்கள் எத்தனை என்று கணக்கெடுத்து 1858-லேயே விளக்கப்படம் போட்டுக் காட்டியவர். எழுத வேண்டும். எழுதியதால்தான் பலர் பிழைத்தார்கள். எழுதுவதற்கு நேரம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரி, அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவள் என் மாணவி மாதிரி.

2019-ல் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தவள். முதல் வருடம் முடிவதற்குள் கொரோனா வந்து ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சிறுநீர்க் குழாயான கதீட்டர் போடுவதையும், டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் வென்ஃப்ளான் போடுவதையும் அந்தப் பிள்ளைகள் ஐந்து அங்குலத் திரையில் படித்தார்கள். அவள் வீட்டில் ஒரே போன், தம்பிக்கும் அதில்தான் வகுப்பு. மாடிப்படியில் உட்கார்ந்து, தலையணையைக் கையாக வைத்து ஊசி போட்டுப் பழகினேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

2022-ல் எங்கள் பிரசவ வார்டுக்குப் பயிற்சிக்கு வந்தாள். ஒரு மதியம், பிரசவம் முடிந்து முக்கால் மணி நேரம் ஆன ஒரு தாய். இவள் பக்கத்தில் டேபோடு நிற்கிறாள். பி.பி. 110/70, நாடி 92, ஆக்சிஜன் 98. எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது, எல்லாம் பச்சை. நான் போய் அந்தத் தாயின் வயிற்றில் கை வைத்தேன். பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்கி, தொப்புள் பக்கத்தில் கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். அங்கே கைக்கு ஒன்றும் அகப்படவில்லை, தொளதொளவென்று மாவு மாதிரி இருந்தது. போர்வையைத் தூக்கினால் பேட் நனைந்து விரிப்பு வரை ரத்தம். ஆரோக்கியமான இளம் உடம்பு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், நிறைய ரத்தம் போகும் வரை பி.பி. இறங்கவே இறங்காது. இறங்கிய பிறகு ஓடினால் தாமதம். நான் வயிற்றை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தேன், டாக்டரைக் கூப்பிட்டார்கள், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் மருந்து போனது. தாய் பிழைத்தாள்.

இவள் கழிவறையில் போய் அழுதாள். நான் திட்டவில்லை. தப்பு அவளுடையது இல்லை. எண்ணை நிரப்பத்தான் கற்றுக்கொடுத்தோம், கை வைக்க அவளுக்கு ஆளும் கிடைக்கவில்லை, சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை. அன்று அவள் கையைப் பிடித்து அதே தாயின் வயிற்றில் வைத்தேன். "இப்போ கெட்டியா இருக்கு பார், இதை ஞாபகம் வெச்சுக்கோ" என்றேன். "முதல்ல ஆள், அப்புறம்தான் என்ட்ரி" என்றும் சொன்னேன். அதை அவள் பிடித்துக்கொண்டாள். வீடியோ எடுத்த அன்றும் அப்படித்தான். ராத்திரி முழுக்க ஆட்களைப் பார்த்தாள். இரண்டு அட்மிஷன், ஒரு மரணம், ஒரு வலிப்பு. என்ட்ரி எல்லாம் குவிந்துவிட்டது. விடிகாலை 5 மணிக்குத்தான் உட்கார்ந்தாள். அப்போதுதான் படம் பிடித்தார்கள்.

டிரிப் தீர்ந்தது தீர்ந்ததுதான், உடனே மாற்றியிருக்க வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டில் காலியானால் காற்று உள்ளே போய் ஆள் செத்துவிடுவார் என்று கமெண்டில் எழுதுகிறவர்களுக்கு: சாதாரண டிரிப்பில் பாட்டில் தீர்ந்தால் ஓட்டம் நின்றுவிடும், குழாயில் கொஞ்சம் ரத்தம் ஏறும். பயப்படுவது இயல்பு, அப்பா அல்லவா. அந்த மகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பயந்தார். பயந்தவர் படம் பிடித்ததைக் கொண்டாட்டமாகப் பரப்பியவர்கள் மேல்தான் கோபம்.

இப்போது புதுப் பாடத்திட்டத்தில் இரண்டாவது செமஸ்டரிலேயே நர்சிங் இன்ஃபர்மேடிக்ஸ் என்று, நர்ஸ் வேலையில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது பற்றி ஒரு பாடம் இருக்கிறது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். இனி வரும் பிள்ளைகள் எங்களை மாதிரி மவுஸைப் பிடித்து முழிக்க மாட்டார்கள். ஆனால் பாடத்தில் தொழில்நுட்பத்தைச் சேர்த்து, வேலையில் அதைக் கட்டாயமாக்கிவிட்டு, அதே பெண் அதைக் கையில் எடுத்தால் 'போன் பார்க்கிறாள்' என்றால் அவள் என்னதான் செய்வாள்? ஆப் இருக்கிறது என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. வார்டுச் சுவரில் 'இங்கே பதிவுகள் மொபைலில் செய்யப்படுகின்றன' என்று ஒரு தாள்கூட ஒட்டவில்லை. ஒட்டச் சொல்லி நான் எங்கள் இடத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"சம்பளம் வாங்குகிறீர்கள் அல்லவா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவள் ஒப்பந்த வேலையில் இருக்கிறாள். தொகுப்பூதியம், மாதம் 18,000 ரூபாய். அதில் வாடகை, பஸ், வீட்டுக்கு அனுப்புவது, அப்புறம் உங்கள் அப்பாவின் பி.பி.யை ஏற்ற ரீசார்ஜ். 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு எங்களுக்காகக் கை தட்டினீர்கள், தட்டைத் தட்டினீர்கள். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது அன்று. அதே கைகள் இப்போது ஷேர் பட்டனை அழுத்தும்போது எப்படி வலிக்கிறது தெரியுமா? என் தம்பி மனைவியே எனக்கு இதை ஃபார்வர்ட் செய்தாள்.

அந்தப் பெண்ணுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். பணி நேரத்தில் கைபேசி பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. ஆப்பில் ஏற்றச் சொன்ன அதே அலுவலகத்திலிருந்து. அன்று இரவு 3 மணி முதல் 5 மணி வரை அவள் வார்டில் யாரைக் காப்பாற்றினாள் என்று அந்த மெமோவில் கேள்வி இல்லை. பதில் எழுத நேற்று ராத்திரி எனக்கு போன் செய்தாள். இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். எந்த நோயாளிக்கு எத்தனை மணிக்கு என்ட்ரி போனது என்று ஆப்பே நேரத்தோடு காட்டுகிறது, அதைப் பிரிண்ட் எடுத்து இணைக்கச் சொன்னேன்.

எழுதி முடித்துவிட்டு போனை வைக்கப் போகும்போது சொன்னாள்: "அக்கா, இனிமே நான் ஒவ்வொருத்தருக்கும் முதல்ல என்ட்ரியைப் போட்டுடறேன். அப்புறமா போய் ஆளைப் பாத்துக்கறேன். அதுதான் எனக்குப் பாதுகாப்பு."

வேண்டாம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.