குதிரை போனது, தொலைநோக்கி போகவில்லை
“குதிரை போன அன்றே தன்னார்வக் குதிரைப்படைகளின் கதை முடிந்தது” என்று பிரிட்டனின் தன்னார்வக் குதிரைப்படைகளைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்காட்லாந்தின் லோவட் ஸ்கவுட்ஸ் படையைப் பாருங்கள். 1900-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்காக லோவட் பிரபு திரட்டிய இந்தப் படையில் பலர் மலைச்சரிவுகளில் மான் தேடித் திரிந்தவர்கள். நீண்ட தொலைநோக்கியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, எதிர்ச்சரிவில் அசையும் சிறு புள்ளியையும் இனங்காணப் பழகிய கண்கள் அவர்களுடையவை. அந்தக் கண்கள்தான் படையின் உயிர், குதிரை அல்ல! முதல் உலகப்போரின்போது, 1915-இல் துருக்கியின் கலிப்போலியில் குதிரையின்றியே இறங்கினார்கள். மறு ஆண்டு காலாட்படையாக்கப்பட்டார்கள். தனியாகத் திரட்டப்பட்ட இன்னொரு பிரிவு அதே தொலைநோக்கிகளோடு பிரான்சின் போர்முனைக்குப் போனது. இரண்டாம் உலகப்போரில் கனடா மலைகளில் பனிச்சறுக்குப் பயிற்சி, பிறகு இத்தாலி. போருக்குப் பின் பீரங்கிப்படைக்கு மாற்றியபோதும் லோவட் ஸ்கவுட்ஸ் என்ற பெயர் கூடவே போனது.