எக்ஸ்ரேண்டர்ல பிரைட்னஸ் குறைச்சா பேட்டரி மிச்சமாகாது

ஒருத்தர் லினக்ஸ் லேப்டாப்ல எக்ஸ்ரேண்டர்ங்கிற (xrandr, ஸ்கிரீன் செட்டிங்க மாத்துறது) கமாண்ட்ல பிரைட்னஸ் 0.5 போட்டா பேட்டரி கூட நேரம் வரும்னு சொல்லிருக்காரு, அது தப்புங்க. அந்த ஆப்ஷன் தொடுறது காமாவ மட்டும்தான், அதாவது படத்தோட கலர் வேல்யூவ கம்மி பண்ணி அனுப்புது, பின்னாடி எரியுற பேக்லைட் அப்படியே ஃபுல்லா எரிஞ்சுகிட்டுதான் இருக்கும். ஜன்னல தொறந்து வச்சுட்டு கூலிங் கிளாஸ் மாட்டுற கதைதான். இது சாஃப்ட்வேர் மாத்தம் மட்டும்னு அதோட மேன் பேஜ்லயே (கமாண்டோட கையேடு) போட்டிருக்கு. ஓஎல்இடி ஸ்கிரீன்னா கதை வேற, அதுல பேக்லைட்டே கிடையாது, இருட்டான பிக்சல் கரன்ட் கம்மியா இழுக்கும்.

பேக்லைட் இருக்கிற எல்சிடில நிஜமாவே குறைக்கணும்னா பிரைட்னஸ்சிடிஎல்ங்கிற (brightnessctl) டூல இன்ஸ்டால் பண்ணி 40% செட் பண்ணுங்க, இல்ல கீபோர்டு பட்டனே போதும். உள்ள நடக்கிறது என்னன்னா சிஸ் (/sys) டைரக்டரில கிளாஸ், அதுக்குள்ள பேக்லைட்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அங்க இருக்கிற டிவைஸ் ஃபோல்டர்ல பிரைட்னஸ்ங்கிற ஃபைல்ல ஒரு நம்பர் எழுதுது, உச்சவரம்பு மேக்ஸ் பிரைட்னஸ் ஃபைல்ல இருக்கும். கையால எழுதுறதா இருந்தா ரூட் (அட்மின் உரிமை) வேணும், 0 மட்டும் போட்டுடாதீங்க, சில லேப்டாப்ல ஸ்கிரீன் மொத்தமா இருட்டாயிடும். வேலண்ட் (எக்ஸ்-க்கு பதிலா வந்த புது டிஸ்ப்ளே முறை) செஷன்ல அந்த எக்ஸ்ரேண்டர் ட்ரிக் வேலையே செய்யாது.