கூச்சல் இல்லை சார், கேள்வி

ஆட்டிசம் பற்றிய நேற்றைய கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர் சொன்னதைக் கேட்டவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று புரியும். ஸ்பெக்ட்ரம் 10கே என்ற ஆட்டிசம் மரபணு ஆய்வை ‘நாலு ஆக்டிவிஸ்ட்டுகள் கூச்சல் போட்டுக் கெடுத்துவிட்டார்களாம்’. கைதட்டல் வேறு.

கூச்சல் இல்லை சார், கேள்வி. 2021 ஆகஸ்ட் 24 அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சைமன் பாரன்-கோஹன் குழு இந்த ஆய்வை அறிவித்தது: பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 10,000 பேரிடம் எச்சில் மாதிரி வாங்கி, மரபணுவைப் படித்து, மருத்துவப் பதிவுகளோடு சேர்த்துப் பார்ப்பார்களாம். செப்டம்பர் 10 அன்று அவர்களே நிறுத்திவைத்தார்கள். நடுவில் கேட்கப்பட்டது இவ்வளவுதான்: இந்த டிஎன்ஏ நாளை யார் கைக்குப் போகும்? கருவிலேயே கண்டுபிடிக்கும் சோதனைக்கு இது பயன்படாது என்று யார் பொறுப்பேற்பது? ‘அது எங்கள் நோக்கமே இல்லை’ என்றார்கள். சரி, நம்புகிறேன். பத்து வருஷம் கழித்து அந்தத் தகவலைக் கேட்டு வாங்குகிறவருக்கும் அதே நோக்கம்தான் இருக்குமா?

நிதி வந்தாயிற்று, ஆய்வு வடிவமைத்தாயிற்று, பிரபலங்களை வைத்து விளம்பரமும் ஆயிற்று. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் ‘விரிவாகக் கலந்தாலோசிப்போம்’. மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, கடைசியில் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதை.

ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்குமே என்பீர்கள். எந்த ஆய்வில்தான் இல்லை? எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் அறையில் ஆட்டிசம் உள்ள நாங்கள் இருந்தோமா என்பதுதான் கேள்வி.

‘இவர்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி நடக்குமா?’ நடக்கும். அமெரிக்காவில் ஆஸ்பயர் (AASPIRE) என்ற ஆய்வுக் குழு 2006 முதல் செய்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் அங்கே கேள்வியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே கூட்டாளிகள். பேச்சுக்குப் பதில் தட்டச்சில் கூட்டம் நடத்துவார்கள். கேள்வித்தாளையும் திருத்துவார்கள்: குழப்பமான சொல்லுக்கு விளக்கம், விடைகளுக்குப் பக்கத்தில் படம். மற்ற ஆய்வுகளிலோ, ‘அடிக்கடி’ என்றால் வாரத்துக்கு எத்தனை முறை என்று தெரியாமல் ஒருவர் கட்டத்தைக் காலியாக விட்டால், ‘சுய புரிதல் குறைவு’ என்று எழுதிவிடுவார்கள். தப்பு கேள்வியில் இருக்கிறது, பழி ஆளின் மேல் விழுகிறது.

ஆட்டிசத் தன்மைகளை அளக்க கேம்பிரிட்ஜ் குழுவே 2001ல் வெளியிட்ட 50 கேள்விப் பட்டியலில், பார்ட்டியைவிட நூலகம் பிடிக்குமா என்று ஒரு கேள்வி உண்டு. நம் ஊர் கல்யாண ரிசப்ஷனில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள், பாதி மண்டபம் நூலகம் என்றுதான் சொல்லும்.

இதில் ‘இவர்களுக்கு அடுத்தவர் மனம் புரியாது’ என்ற முத்திரை வேறு. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012லேயே எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும்தான். 2020ல் கேத்தரின் குரோம்ப்டன் குழு சோதித்தது. எட்டு எட்டுப் பேராக வரிசை, ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, மற்றவர்களின் வரிசைக்குச் சளைக்கவில்லை. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் கதை வேகமாகத் தேய்ந்தது. அப்புறமும் பாடம் எங்களுக்கு மட்டும்தான் எடுப்பீர்கள்.

‘பேச முடியாத குழந்தைகளுக்காக நீங்கள் பேசலாமா?’ நியாயமான கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை. பெற்றோர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இதை எங்களை வாயடைக்க மட்டும் எடுக்கிறீர்களே, அந்தக் குழந்தைகளுக்குப் பட அட்டையோ டேப்லெட்டோ கொடுத்து எந்த ஆய்விலாவது அவர்களிடமே கேட்டீர்களா?

அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுவதானால் கேள்விகளை ஒரு வாரம் முன்னால் எழுத்தில் அனுப்புங்கள். இந்த முறையும் கேட்டேன். ‘அங்கே வந்து பார்த்துக்கலாம்மா’ என்றார்கள்.