வெளிநாடு போக முதல் கையில் தரப்படும் காசு

ஆட்கடத்தல் என்றால் வாயைப் பொத்தி வான் வண்டியில் தூக்கிப் போடுவதுதான் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கம் வீட்டு வேலைக்குப் பெண் தேடி வரும் சப் ஏஜென்ட் அப்படி வருவதில்லை. தெரிந்த முகமாக, காசோடு வருவார். நான் பயப்படுவது அந்தக் காசுக்குத்தான்.

வளைகுடாவில் பணிப்பெண் எடுக்கும் வீட்டுக்காரர் அங்குள்ள ஏஜென்சிக்குப் பணம் கட்டுகிறார். அதில் ஒரு பங்கு இங்கே சப் ஏஜென்டுக்கு வரும், அதில் கொஞ்சம் பெண்ணின் வீட்டுக்கு. கூரைத் தகரத்துக்கும் லோன் கட்டவும் அது கரைந்துவிடும். சம்பளம் தராமல், அடித்து, பதினாறு மணித்தியாலம் வேலை வாங்கும் வீட்டிலிருந்து அவள் "ஏலாது, ஊருக்கு அனுப்புங்கோ" என்று கேட்கும்போதுதான் அது கடனாக மாறும். "உனக்குச் செலவழிச்ச காசை வச்சிட்டுப் போ" என்பார்கள். கடவுச்சீட்டு அவர்கள் கையில். தொழிலாளியின் விசாவை முதலாளியோடு கட்டிவைக்கும் கபாலா முறையில் முதலாளியைக் கேட்காமல் வெளியேறினால், ஓடிப்போனவள் என்று அவள் மேலேயே வழக்கு.

இதற்கு ஊர் சொல்லும் பதில், "அவளாத்தானே கையெழுத்து வச்சிட்டுப் போனாள்". ஆட்கடத்தலைத் தடுக்க ஐ.நா. 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த பலெர்மோ நெறிமுறை இந்த வாதத்தை ஏற்பதில்லை. ஏமாற்றியோ மிரட்டியோ இயலாமையைப் பயன்படுத்தியோ, சுரண்டுவதற்காக ஒருவரைச் சேர்த்தால், அவர் சம்மதித்தார் என்பது செல்லாது. பிள்ளைகள் விடயத்தில் ஏமாற்றியதைக்கூட நிரூபிக்கத் தேவையில்லை. எங்கள் தண்டனைச் சட்டக் கோவையின் 360சி பிரிவில் இந்தக் குற்றத்துக்கு 2 முதல் 20 வருடம் வரை சிறை இருக்கிறது.

விசிட் விசா அடுத்த பொறி. "எயார்போர்ட்டில கேட்டா தங்கச்சியப் பார்க்கப் போறன் எண்டு சொல்லு" என்று பழக்கி விடுவார்கள். அந்தப் பொய்யைச் சொல்லிப் போனவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு கிடையாது, காப்புறுதி கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. 2022இல் ஓமானில் விற்கப்பட்டதாக முறைப்பாடு வந்த பெண்களில் பலர் இப்படிப் போனவர்கள்தான். பெண்கள் மட்டுமல்ல. தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று கூட்டிப்போன பெடியன்களை தாய்லாந்து எல்லை ஊரான மே சொட்டில் ஆற்றைக் கடத்தி, மியன்மாரின் மியாவடியில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2021இல் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது.

போக முதல் பணியகத்தின் இணையத்தளத்தில் ஏஜென்சியின் உரிம இலக்கத்தைத் தேடுங்கள், பணியகத்தின் 1989 இலக்கத்துக்கும் அழைத்துக் கேளுங்கள். உரிமம் மட்டும் போதாது. அந்த நாட்டில் அந்த வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகம் ஒப்புதல் கொடுத்ததா என்று கட்டாயம் கேட்க வேண்டும். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், டிக்கெட் எல்லாவற்றின் பிரதியும் வீட்டில் இருக்கட்டும். அரபியில் மட்டும் இருக்கும் தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். வீட்டாரோடு ஒரு வசனத்தையும் பேசி வையுங்கள். "பெரியம்மாவுக்குச் சுகமா" என்று அவள் கேட்டால் ஆபத்து என்று அர்த்தம். அங்கே போன் பெரும்பாலும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

சிக்கிவிட்டால் "விடுவிக்கிற காசு" என்று கேட்பவருக்கு உடனே அனுப்பி விடாதீர்கள், பல வீடுகளில் ஒருமுறை கொடுத்ததும் இரண்டாம் தடவை கேட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்க வேண்டாம். வங்கிச் சிட்டை, சப் ஏஜென்டின் இலக்கம், அவள் கடைசியாக அனுப்பிய லொக்கேஷன் இவற்றோடு பணியகத்துக்கும், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் ஆட்கடத்தல் பிரிவுக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.

பெரும்பாலான வழக்குகள் ஊரிலேயே கெட்டுப்போகின்றன. பெரியவர்கள் கூடி, வாங்கிய காசில் பாதியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி முறைப்பாட்டை வாபஸ் வாங்க வைக்கிறார்கள். ஒரு மாதத்தில் அதே ஆள் அடுத்த கிராமத்தில் நிற்பார். மிரட்டல் வந்தால் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்டவரும் சாட்சியும் பாதுகாப்புக் கேட்கலாம். அதைக் கேட்டு எழுத்தில் கொடுத்துவிட்டு, வாபஸ் கடிதத்தில் கையெழுத்து வைக்காமல் இருங்கள்.